கீழமை நீதிமன்றத்தில் கேஸ் கட்டுகளைக் கையாளும் வேலை: புதிதாகச் சேர்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் ஒரு முன்சீப் கோர்ட்டிலோ குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலோ அலுவலகப் பணியில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் உங்களிடம் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். வாதாடுவது வக்கீல், தீர்ப்பு எழுதுவது நீதிபதி. ஆனாலும் ஒரு வழக்கு மூன்று வருடத்தில் முடியுமா, பதினைந்து வருடம் இழுக்குமா என்பதில் அலுவலகத்துக்கு இருக்கும் பங்கு வெளியில் நினைப்பதைவிடப் பெரியது. பேட்டா (சம்மன் அனுப்பும் செலவுக்கான கட்டணம்) கட்டாததை யாரும் கவனிக்காத வழக்கு, சம்மன் திரும்பி வந்தும் பிரித்துப் பார்க்காத வழக்கு, பிரதிவாதி இறந்த பிறகும் அவர் பெயரிலேயே வாய்தா ஓடும் வழக்கு என்று எத்தனையோ உண்டு. இவை சட்டச் சிக்கலால் நிற்பவை அல்ல. கட்டை ஒருவர் பிரித்துப் படித்திருந்தால் நகர்ந்திருக்கும்.

அதனால் ஒரு விதியை மட்டும் முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசையை விட்டுப் போகும் எந்தக் கட்டிலும் அடுத்த தேதி, அன்று நடக்க வேண்டிய காரியம், அதைச் செய்ய வேண்டிய ஆள் ஆகிய மூன்றும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த விதியை ஒவ்வொரு கட்டத்திலும் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான்.

யார் எங்கே உட்காருகிறார்கள்

இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு வழியாக வருவீர்கள். ரீடர், எக்ஸாமினர், பெய்லிஃப் போன்ற பணிகளுக்கு உயர் நீதிமன்றமே மாவட்ட வாரியாக அறிவிப்பு வெளியிடும். அலுவலகத்துக்குப் பொறுப்பு சிரஸ்தார், சிறிய கோர்ட்டுகளில் தலைமை எழுத்தர். ஹாலில் நீதிபதியின் மேடையை ஒட்டி உட்காருபவர் பெஞ்ச் கிளார்க். சம்மன், நோட்டீஸ், ஜப்தி, சொத்து ஒப்படைப்பு எல்லாம் நாசர் பிரிவைச் சேர்ந்தவை. சம்மனை நேரில் கொண்டுபோகும் ஆமீன்கள் நாசரின் பொறுப்பில் இருப்பார்கள். அப்புறம் நகல் பிரிவு, பதிவறை.

சேர்ந்தவுடன் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைக்க மாட்டார்கள். ஃபைலிங், நகல், பதிவறை என்று ஏதாவது ஒன்றில் போடுவார்கள். பதிவறை கிடைத்தால் அதை நல்ல வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்துபோன வழக்குகளின் கட்டு நான்கைந்தை எடுத்து முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படியுங்கள். பிராதில் (வாதியின் வழக்கு மனுவில்) தொடங்கி டிகிரி (தீர்ப்பாணை) வரை ஒரு வழக்கு எந்த வழியாகப் போகிறது என்பது எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு தெளிவாகப் புரியாது.

கூடவே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 5, 8, 9, 17, 20, 21, 22 ஆகியவற்றையாவது படித்துவிடுங்கள். குற்றவியல் பக்கம் என்றால் 2019ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை விதிகள். காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். தினமும் தேவைப்படும்.

ஃபைலிங் கவுன்ட்டர்

தாக்கலாகும் எந்தத் தாளிலும் முதல் வேலை தேதி முத்திரை. குறை இருக்கிறதா, கோர்ட் பீஸ் சரியா என்பதெல்லாம் அதற்கப்புறம். மனு கடைசி நாளில் வந்திருக்கலாம். நீங்கள் "நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்பினால் ஒரு குடும்பத்தின் உரிமையே காலாவதியாகிவிடும். கோர்ட் மூடியிருக்கும் நாளில் காலக்கெடு முடிந்தால், திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். அதனால் மே மாதக் கோடை விடுமுறை முடிந்து திறக்கும் அன்று கவுன்ட்டரில் கூட்டம் நிற்கும். அன்று விடுப்பு எடுக்காதீர்கள்.

அடுத்து பரிசீலனை. வக்காலத்தில் கையெழுத்து, சொத்து விவரம், ஆவணப் பட்டியல், மதிப்பு, கட்டணம். பணம் வசூல் வழக்குகளில் கோர்ட் பீஸ் 2017 திருத்தத்தில் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. குறைகள் இருந்தால் ரிட்டர்ன் போடும்போது எல்லாக் குறையையும் ஒரே தடவையில் எழுதுங்கள். முதல் முறை ஒரு குறை, திரும்பக் கொண்டு வந்ததும் புதிதாக இன்னொரு குறை என்று போடுவது அந்த மனுதாரருக்குச் செய்யும் அநியாயம். சில அலுவலகங்களில் இது பழக்கமாகவே இருக்கிறது. நீங்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

தடையுத்தரவு கேட்டு இடைநிலை மனு வந்தால் நீதிபதி முன் வைப்பதற்கு முன்பே கேவியட் பதிவேட்டைப் பாருங்கள். கேவியட் என்பது தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று எதிர்த்தரப்பு முன்கூட்டியே போட்டு வைக்கும் மனு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 148அ படி போட்ட கேவியட் 90 நாள் உயிரோடு இருக்கும். அது இருப்பது தெரியாமல் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே உத்தரவு போய்விட்டால், பிழை முழுக்க அலுவலகத்தின் மேல்தான் விழும்.

கணினியில் பதிவது

சி.ஐ.எஸ். மென்பொருளில் வழக்கைப் பதிந்ததும் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் கிடைக்கும். முதல் ஆறு இடம் மாநிலம், மாவட்டம், நீதிமன்றம் ஆகியவற்றைக் காட்டும். அடுத்த ஆறு வரிசை எண். கடைசி நான்கு ஆண்டு. வழக்கு வேறு கோர்ட்டுக்கு மாறினாலும் அதைப் பின்தொடர இந்த எண்தான் பிடி. கட்டின் மேலுறையிலும் எழுதுங்கள், கட்சிக்காரருக்கும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஊரிலிருந்தே போனில் வாய்தா தேதியைப் பார்த்துக்கொள்வார்.

பெயர்களை ஆவணத்தில் உள்ளபடி பதியுங்கள். தந்தை பெயர், ஊர், செல்போன் எண் விடுபடக் கூடாது. எண் இருந்தால்தான் குறுஞ்செய்தி போகும். குற்ற வழக்கு என்றால் குற்றம் நடந்த தேதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் வரும், அன்றோ அதற்குப் பின்னோ நடந்தது பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் வரும். இரண்டு சட்டத்திலும் பிரிவு எண்கள் வேறு வேறு என்பதால் கை பழகிய எண்ணைத் தட்டிவிடும் ஆபத்து இருக்கிறது.

இங்கே அதிகக் கவனம் தேவைப்படும் ஓர் இடம் உண்டு. போக்சோ வழக்குகளிலும் பாலியல் வன்கொடுமை வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவரின் பெயர் எங்கும் வெளியே தெரியக் கூடாது. நீங்கள் தட்டச்சு செய்வது அன்று மாலையே இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படும். புகார் கொடுத்த தாயின் பெயரை வைத்தே குழந்தையை ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் இந்த வகை வழக்கைப் பதிந்த பிறகு, வெளியிலிருந்து தேடினால் என்ன தெரிகிறது என்று நீங்களே ஒரு முறை தேடிப் பாருங்கள்.

சம்மன்: வழக்குகள் நிற்கும் இடம்

புதியவர்கள் விசாரணையைத்தான் முக்கியம் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் ஒரு வழக்கின் வேகம் சம்மன் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

வழக்கு நம்பர் ஆனதும் வாதி தரப்பு பேட்டா கட்ட வேண்டும். கட்டியிருக்கிறார்களா என்று அடுத்த வாய்தா வரை காத்திருந்து பார்க்காதீர்கள். ஒரு வாரத்தில் கட்டைப் பார்த்து, கட்டவில்லை என்றால் வக்கீல் குமாஸ்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டு போங்கள். பேட்டா கட்டாத காரணத்துக்காக வழக்கைத் தள்ளுபடி செய்ய கட்டளை 9 விதி 2இல் இடம் இருக்கிறது. அந்த நிலைக்குப் போகாமல் தடுப்பது நீங்கள் முன்கூட்டிச் சொல்லும் அந்த ஒரு வார்த்தை.

சம்மன் திரும்பி வந்ததும் ஆமீனின் அறிக்கையை முழுதாகப் படியுங்கள். "வீடு பூட்டியிருந்தது", "விலாசத்தில் இல்லை", "வாங்க மறுத்தார்", "இறந்துவிட்டார்" ஆகிய நான்குக்கும் அடுத்த நடவடிக்கை வேறு வேறு. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டியதற்கான குறிப்பும் சாட்சியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலாசத்தில் இல்லை என்றால் புது விலாசம் கேட்க வேண்டும். ஆளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் கட்டளை 5 விதி 20 படி பத்திரிகை விளம்பரத்துக்கு மனு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக "சார்பு ஆகவில்லை" (உரியவரிடம் சேரவில்லை) என்று குறித்து இரண்டு மாதம் தள்ளிப் போட்டால், அடுத்த முறையும் அதே பூட்டிய வீட்டுக்கே ஆமீன் போய் வருவார். இப்போது என்ஸ்டெப் செயலியில் ஆமீன் போன இடமும் நேரமும் பதிவாகின்றன. அதையும் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழகுங்கள்.

பிரதிவாதிகள் பலர் இருக்கும் பாகப்பிரிவினை வழக்குகளில் கட்டின் முதல் தாளாக ஒரு அட்டவணை வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பிரதிவாதிக்கும் எதிரே சம்மன் சார்பான நாள், வக்கீல் பெயர், எதிருரை (பிரதிவாதியின் பதில்) வந்த நாள், எக்ஸ்பார்ட்டி (ஆஜராகாததால் ஒருதலைப்பட்சம்) ஆன நாள். பன்னிரண்டு பேரில் ஏழாவது பிரதிவாதிக்கு மட்டும் சம்மன் போகவில்லை என்பது சாட்சி விசாரணை முடிந்த பிறகு தெரிய வருவதைப் போல வேதனை வேறில்லை. எல்லோருடைய வருடங்களும் வீணாகும்.

சம்மன் சார்பான நாளிலிருந்து எதிருரைக்கு 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள் வரை. சாதாரண வழக்கில் அதற்கு மேலும் நீட்டிக்க நீதிபதிக்கு இடம் உண்டு. வணிக வழக்கில் 120 நாளோடு அந்த உரிமை முடிந்துவிடும். இந்த நாட்களை நீங்களே எண்ணி டாக்கெட் (அன்றன்றைய உத்தரவை எழுதும் தாள்) ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். நீதிபதி கேட்கும்போது விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

பெஞ்சில் ஒரு நாள்

பெஞ்ச் வேலை முந்தின நாள் மாலையே தொடங்கிவிடும். மறுநாள் பட்டியலில் உள்ள எல்லாக் கட்டுகளையும் எடுத்து வரிசைப்படுத்தி, எண்ணிப் பாருங்கள். பட்டியலில் 60 வழக்கு, மேசையில் 59 கட்டு என்றால் அந்த ஒன்று எங்கே என்று தெரியாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். நகல் பிரிவிலோ, மேல்முறையீட்டுக்காக அனுப்பியோ, வேறு கட்டுக்குள் செருகியோ இருக்கும். காலையில் ஆள் வந்து நிற்கும்போது தேடினால் கிடைக்காது.

காலை 10.30க்கு அழைப்பு தொடங்கும். டவாலி பெயரைக் கூப்பிட, யார் ஆஜர், யார் இல்லை என்பதை அந்த நொடியிலேயே குறியுங்கள். நினைவில் வைத்து மதியம் எழுதலாம் என்று விடாதீர்கள். நீதிபதி சொல்லாத ஒரு சொல்லையும் டாக்கெட்டில் சேர்க்கக் கூடாது, சொன்ன ஒரு சொல்லையும் விடக் கூடாது. சரியாகக் கேட்கவில்லை என்றால் உடனே கேட்டுவிடுங்கள். அதில் எந்த நீதிபதியும் கோபப்பட்டதில்லை.

தேதி கொடுப்பது தனிக் கலை. எல்லா வழக்கையும் திங்கட்கிழமையில் குவித்தால் அழைத்து முடிக்கவே மதியம் ஆகிவிடும், சாட்சிகள் விசாரிக்கப்படாமல் ஊருக்குத் திரும்புவார்கள். சம்மன், எதிருரை, மெமோ போன்ற சிறிய வேலைகளுக்கு உள்ள வழக்குகளைப் பரவலாகப் போட்டு, விசாரணைக்கு என்று சில நாட்களைக் காலியாக வைத்துக்கொள்ளும்படி நீதிபதியிடம் பட்டியலைக் காட்டிப் பேசுங்கள். ஒரு நாளில் உண்மையில் எத்தனை சாட்சியை விசாரிக்க முடியும் என்று அவருக்கும் உங்களுக்கும் தெரியும். அந்த எண்ணிக்கைக்கு மேல் கொடுக்காதீர்கள். கட்டளை 17 படி விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது. எத்தனையாவது வாய்தா என்பதை டாக்கெட்டில் எழுதி வைத்தால் நீதிபதிக்கு உதவியாக இருக்கும்.

தேதியைச் சத்தமாகச் சொல்லுங்கள். பின்வரிசையில் நிற்கும் முதியவருக்கு வக்கீல் மூலம்தான் தெரிய வேண்டும் என்று இருக்கக் கூடாது.

சாட்சியின் நாளை யாரும் மதிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வந்தவர் அவர். காலையிலேயே வந்திருக்கும் சாட்சிகளின் பட்டியலை எடுத்து நீதிபதியிடம் கொடுங்கள். இரு தரப்பு வக்கீலும் இருக்கிறார்களா என்று அப்போதே விசாரித்து வையுங்கள். "பாஸ் ஓவர்" (அன்றே சற்று நேரம் கழித்துக் கூப்பிடும்படி) கேட்ட வழக்கை மறுபடி எப்போது கூப்பிடப் போகிறோம் என்று தோராயமாகவாவது சாட்சியிடம் சொல்லுங்கள்.

ஆவணம் குறியீடு செய்யும்போது உரிமையியல் வழக்கில் வாதி தரப்புக்கு ஏ (A) வரிசை, பிரதிவாதிக்கு பி (B) வரிசை, ஆணையர் அறிக்கை போன்ற கோர்ட் ஆவணங்களுக்கு சி (C) வரிசை. குற்ற வழக்கில் அரசுத் தரப்புக்கு பி (P) வரிசை, பொருட்களுக்கு எம்.ஓ. எண். குறியிட்ட உடனே முத்திரை, எண், தேதி, நீதிபதியின் கையெழுத்து. அசல் பத்திரங்களைத் தனி உறையில் போட்டு உறை மேல் பட்டியல் எழுதுங்கள். சிலருக்கு இருக்கும் ஒரே சொத்தின் ஒரே அசல் பத்திரம் உங்கள் கையில் இருக்கிறது.

மாலையில் ஏ டைரி, பி டைரி, கணினி மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அன்று கோர்ட்டில் என்ன நடந்தது என்பது ஏ டைரியில், அந்தந்த வழக்கில் என்ன நடந்தது என்பது பி டைரியில். மேல் கோர்ட் கேட்பது பெரும்பாலும் பி டைரி நகலைத்தான். கணினியில் அன்றைக்கே ஏற்றாமல் விட்டால், திருநெல்வேலியில் உட்கார்ந்து போனில் பார்ப்பவருக்குத் தன் வழக்கு காணாமல் போனது போலத் தெரியும்.

தரப்பினர் இறந்ததாக மெமோ வந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள். வாரிசுகளைச் சேர்க்க இறந்த நாளிலிருந்து 90 நாள். விட்டால் இறந்தவரைப் பொறுத்து வழக்கு அற்றுப்போகும். அப்புறம் வாரிசுகளைச் சேர்க்க மனு, அற்றுப்போனதை நீக்க மனு, தாமதத்துக்கு மனு என்று மூன்று மனு நடக்கும்.

நடுவர் நீதிமன்றத்தில் இருந்தால்

இங்கே நாட்களை எண்ணுவது ஒருவருடைய சுதந்திரத்தை எண்ணுவது. காவலில் இருப்பவரின் ரிமாண்ட் நீட்டிப்பு தேதியைத் தனிப் பதிவேட்டில் வையுங்கள். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமை. அந்தக் கடைசி நாட்களில் குற்றப்பத்திரிகை வந்தாலும், ஜாமீன் மனு வந்தாலும் தேதியோடு மணி, நிமிடத்தையும் குறியுங்கள். எது முந்தி வந்தது என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போகும்.

ஜாமீன் உத்தரவு ஆனதும் அதன் நகலை அன்றே அல்லது மறுநாள் சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. பிணையாளர் தாள்கள் சரி பார்ப்பதையும் அன்றே முடியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு கையெழுத்துக்காகக் கட்டை ஒதுக்கி வைத்தால், அந்த ஆள் திங்கள் வரை உள்ளேயே இருப்பார்.

போலீஸ் படிவம் 95இல் கொண்டு வரும் பொருட்களை எண்ணி, எடை இருந்தால் எடை பார்த்து, ஆர்.பி.ஆர். எண் (கோர்ட்டின் பொருள் பதிவேட்டு எண்) போட்டு வாங்குங்கள். நகை, பணம் என்றால் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு வாங்குவது உங்களுக்குப் பாதுகாப்பு.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்த 15 நாளுக்குள் டிகிரி வரைய வேண்டும் என்கிறது கட்டளை 20. அதில் சொத்து விவரத்தைப் பிராதோடும் திருத்த மனுக்களோடும் ஒப்பிட்டு, சர்வே எண், நான்கு எல்லை, அளவு எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். ஒரு சர்வே எண் பிழையோடு டிகிரி போனால், ஜெயித்தவர் நிறைவேற்று மனுவில் போய் மாட்டிக்கொள்வார்.

டிகிரியை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுக்களை (ஈ.பி.) ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலும் அதையே வலியுறுத்தியது. ஈ.பி. கட்டுகளைப் பின் அலமாரியில் அடுக்கும் வழக்கத்தை விடுங்கள். டிகிரி காகிதத்தில் இருக்கும்வரை ஜெயித்தவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

நகல் மனுவில் விண்ணப்பித்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கொடுத்த நாள், நகல் தயாரான நாள் எல்லாம் அச்சாகும். மேல்முறையீட்டுக் காலத்திலிருந்து இந்த நாட்களைக் கழிப்பார்கள் என்பதால் ஒரு தேதியும் பிசகக் கூடாது.

வழக்கு சமரசமாக முடிந்தால் கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும் என்பதைக் கட்சிக்காரரிடம் சொல்லுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்ததற்கு மட்டும் அல்ல. தரப்பினர் தாங்களே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தை விளக்கித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பலருக்கு இது தெரியாமல் பணம் அப்படியே நின்றுவிடுகிறது.

கவுன்ட்டருக்கு வருபவர்களிடம்

கோர்ட் வாசலை மிதிக்கவே பயந்து வருபவர்கள்தான் அதிகம். "என்னம்மா வேணும், உட்காருங்க" என்று சொன்னாலே பாதிப் பயம் போகும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த தேதி என்ன, எந்த மனுவுக்கு எவ்வளவு கட்டணம் என்பதையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம். ஜெயிக்குமா, என்ன வாதம் வைக்கலாம், எந்த வக்கீல் நல்லவர் என்பதற்குப் பதில் சொல்லக் கூடாது. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் அதே வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுங்கள், இல்லையென்றால் 15100 என்ற எண்ணைக் கொடுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

நகலுக்கோ தேதிக்கோ யாராவது பணம் நீட்டினால் அவர் கண் முன்னாலேயே கட்டண ரசீது புத்தகத்தைக் காட்டி, "இதுக்கு மேல ஒரு ரூபாயும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டால் அதற்கப்புறம் யாரும் நீட்ட மாட்டார்கள்.

மாறுதல் வரும்போது

பொறுப்பை ஒப்படைக்கும்போது கட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஐந்து வருடத்துக்கு மேல் நிலுவையில் உள்ள வழக்குகள், மேல் கோர்ட் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்கச் சொன்னவை, தடையுத்தரவால் நிற்பவை, காவலில் ஆள் இருப்பவை, வெளி அலுவலகத்துக்குப் போயிருக்கும் கட்டுகள், பாதுகாப்பில் உள்ள அசல் ஆவணங்கள் என்று தனித்தனிப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அடுத்த தேதியும் அடுத்த வேலையும் எழுதுங்கள். வருபவரோடு உட்கார்ந்து கட்டோடு ஒப்பிட்டு இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை சிரஸ்தாரிடம் கொடுங்கள். உங்கள் போன் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் மாதத்தில் அவர் கட்டாயம் கூப்பிடுவார்.